வான் பாயாத நாளில் இரணைமடு

மார்கழியில் நாலு நாள் மழை விடாமல் அடித்தால் வடக்கில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: கிளிநொச்சி இரணைமடுக் குளம் எத்தனை அடி? முப்பத்திரண்டு என்றால் இன்னும் மழை வேண்டும். முப்பத்தைந்து என்றால் கதவு திறக்கப் போகிறார்கள். முப்பத்தாறு என்றால் குளம் முட்ட நிற்கிறது. வான்கதவு திறந்தாயிற்று என்ற செய்தி கைப்பேசிகளில் ஓடத் தொடங்கிய மறுநாளே குளக்கட்டில் சனம் திரளும். யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வான் பார்க்க வருகிற குடும்பங்கள், சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், கச்சான் விற்பவர், சோளம் அவிப்பவர் என்று ஒரு சின்னத் திருவிழாவே நடக்கும். நுரைத்துக்கொண்டு இறங்குகிற தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

அந்த அரைமணியைக் குறை சொல்ல மாட்டேன். 36 அடித் தண்ணீர் கதவு திறந்து பாய்கிறபோது காலடிக் கொங்கிறீட்டில் ஏறும் அதிர்வை ஒருமுறையாவது உணரத்தான் வேண்டும். ஆனால் இரணைமடு என்றால் அந்தக் கதவுகள் மட்டும்தான் என்று நினைத்துத் திரும்புகிறவர்கள், ஒரு பெரிய வீட்டின் படலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க வான் பாயாத நாளில் வர வேண்டும். ஆடி, ஆவணி அதற்கு நல்ல மாதங்கள். வெயில் கொளுத்தும், பரவாயில்லை, விடியக் காலமை வாருங்கள்.

குளம் பின்வாங்கும் காலம்

சிறுபோகத்துக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து ஆடி நடுவில் குளம் மெலியத் தொடங்கும். எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்வது என்பதைக் கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அரசாங்க அதிபரின் கூட்டத்தில் இருந்து முடிவு செய்திருப்பார்கள். காலபோகத்தில் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிற குளம், சிறுபோகத்தில் கையிருப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கும். தண்ணீர் கட்டைவிட்டு உள்ளே உள்ளே போகப்போக, அது விட்ட இடத்தில் முதலில் சேறு, பிறகு பசும்புல். அந்தப் புல்லுக்கு மாடு வருகிறது. மாட்டுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வருகிறது. சேற்றில் எஞ்சிய குழிகளில் மீன் சிக்கிக்கொள்வதால் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் வருகின்றன. இரவில் யானையும் வரும். காலையில் ஈரச் சேற்றில் பதிந்த பெரிய வட்டங்களைக் கண்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நத்தைக்குத்தி நாரையைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அழகில்லாத பறவை. சாம்பல் கலந்த வெள்ளை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், பாக்குவெட்டியைப் பாதி திறந்து வைத்தமாதிரி. அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்குகிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிதானமாகப் பார்த்தால் கதை வேறு. தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி நத்தையை மேலலகால் நிலத்தோடு அழுத்திக்கொள்கிறது. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குள் விட்டுத் தசையை அறுக்கிறது. பிறகு தலையை நிமிர்த்தி ஒரு உலுப்பு. கோது பெரும்பாலும் உடையாமலே கிடக்கும், சதை தொண்டைக்குள் போயிருக்கும். வயற்கரைகளில் வெறும் கோதுகள் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதெல்லாம் இவர்களின் சாப்பாட்டு இலைகள்தான்.

பாம்புத்தாராவுக்கு வேறு சோலி. மீன் பிடித்துவிட்டுப் பட்டமரக் கொப்பில் ஏறிச் சிறகை இரண்டு பக்கமும் விரித்துக் காயவைக்கும். அதன் இறகு தண்ணீரை ஊறவிடுவதால்தான் அதனால் ஆழத்துக்குச் சுலபமாக மூழ்க முடிகிறது. அதற்கான விலை இந்தக் காயப்போடுதல். ஆள்காட்டிக் குருவிதான் உபத்திரவம். நீங்கள் எவ்வளவு மெல்ல நடந்தாலும் அது ஊரைக் கூட்டிவிடும், மற்றப் பறவையெல்லாம் எழும்பிவிடும்.

முதலை இருக்கிறது. நன்னீர் முதலைதான், கரையில் கிடந்தால் மரக்குற்றி என்றே கண் நம்பும். குளிக்க இறங்குகிற வெளியூர்ப் பெடியளைக் கண்டால், கட்டில் மாடு சாய்க்கிறவர்கள் “தம்பியவை, உதிலை இறங்காதேங்கோ” என்று கூப்பிட்டுச் சொல்வார்கள். சொன்னால் கேளுங்கள்.

கட்டிலிருந்து கனகராயன் ஆற்றின் வரத்துப் பக்கமாகக் கண்ணை ஓட்டினால் காடு தொடங்குகிறது. ஆற்றங்கரையில் மருது. தள்ளிப்போனால் பாலை, வீரை, முதிரை, கருங்காலி. வைகாசி, ஆனியில் பாலை பழுக்கிறபோது ஏ-9 வீதியோரம் சின்னச் சின்னப் பொதிகளாக மஞ்சள் பழம் விற்பனைக்கு வரும். தின்றால் பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கும். வன்னிப் பிள்ளைகளுக்கு அந்த ஒட்டல்தான் சுவையில் பாதி. கரடிக்கும் அதே பழம்தான் உயிர். பழக்காலத்தில் பாலை மரத்தில் கரடி ஏறும், மரத்துக்குக் கீழே நிலத்தில் விழுந்ததை மானும் பன்றியும் பொறுக்கும். பழம் பொறுக்கப் போகிறவர்கள் தனியே போகாமல் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போவது அதனால்தான். மந்தி, மர அணில், மயில், காட்டுக்கோழி இவற்றையெல்லாம் தேடவே வேண்டியதில்லை, அவை உங்களைத் தேடி வரும். குறிப்பாகக் கையில் வாழைப்பழம் இருந்தால்.

கல்லாயுதம் முதல் கொங்கிறீட்டு வரை

இரணைமடுவின் வயதைக் கேட்டால் நூறு என்பார்கள். குளத்துக்கு அது சரி. நிலத்துக்கு அல்ல. இலங்கையின் உலர்வலயத் தாழ்நிலங்களில் செம்மணலும் அதன் கீழே பரல்கற்களுமாகப் படிந்த ஒரு மண்ணடுக்கு உண்டு. தொல்லியலாளர்கள் அதற்கு இட்ட பெயர் இரணைமடு உருவாக்கம். உலகத்துப் புவிச்சரிதவியல் நூல்களில் ஒரு வன்னி ஊரின் பெயர் இப்படித்தான் ஏறியது. தொல்லியல் பணிப்பாளர் நாயகமாக இருந்த சிரான் தெரணியகல இந்த அடுக்கை விரிவாக ஆராய்ந்தார். தெற்கே புந்தலவுக்கு அருகில் பதிரஜவலவில் இதே வகை அடுக்கில் கிடைத்த கல்லாயுதங்களுக்குச் சுமார் 1,25,000 ஆண்டு வயது சொல்கிறார்கள். குவாட்ஸ், சேட் கற்களை உடைத்துக் கூராக்கிய மனிதர் நடந்த மண்ணின் மேல்தான் நாம் கச்சான் கோது போட்டுக்கொண்டு நிற்கிறோம். எங்கள் பாடப்புத்தகத்தில் இது பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

குளத்தின் கதை 1885இல் தொடங்குகிறது. ஹென்றி பாக்கர் என்ற ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர், கனகராயன் ஆற்றை மறித்து இருபதாயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று திட்டம் வரைந்தார். பாக்கர் வெறும் பொறியியலாளர் அல்ல. ஊர் ஊராகப் போய்ப் பழைய குளங்களின் துருசுகளை அளந்தவர், கிராமத்துக் கதைகளைச் சேகரித்துத் தொகுதிகளாக வெளியிட்டவர். அவருக்குப் பின் வந்த பிரவுண் என்ற பொறியியலாளர் வேலையை முன்னெடுத்தார். 1902இல் கட்டு வேலை தொடங்கி 1920 வரை இழுத்தது. மலேரியாக் காட்டில், மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டிய வேலை அது. இடையில் 1905இல் வடபகுதி ரயில்பாதை திறந்துவிட்டதால் ஆளும் அரிசியும் கொண்டுவருவது ஓரளவு இலகுவானது.

இந்தப் பிரவுணின் கீழ் கிளிநொச்சியில் பண்டகசாலைப் பொறுப்பாளராக ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் வேலை பார்த்தார். மண்வெட்டியையும் கூடையையும் கணக்கெழுதிக் கொடுக்கிற வேலை. இரவில் விளக்கை வைத்துக்கொண்டு படிப்பதும் தியானிப்பதும். பிறகு நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அந்த இளைஞர்தான் 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்து 1964இல் கொழும்புத்துறையில் அடங்கிய யோகர் சுவாமி. அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கிளிநொச்சிக் காலத்தை ஓரிரு பக்கத்தில் கடந்துவிடுவார்கள். எனக்கென்னவோ அந்தக் காட்டுத் தனிமை பெரிய வேலை செய்திருக்கும் என்றுதான் படுகிறது.

கட்டி முடித்த குளம் போதவில்லை. 1948–51, 1954–56, 1975–77 என்று மூன்று முறை கட்டை உயர்த்தினார்கள். ஒவ்வொரு உயர்த்தலுக்கும் பின்னால் புதிய குடியேற்றங்கள் வந்தன. 1936இல் யாழ்ப்பாணத்தின் காணி நெருக்கடியைக் குறைக்கத் தொடங்கிய குடியேற்றம்தான் பிறகு உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், திருவையாறு என்று விரிந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. யாழ்ப்பாணத்தில் கிணற்றுப் பட்டையால் தண்ணீர் இறைத்தே பழகிய கை, இங்கே வாய்க்கால் மடையை ஒரு மண்வெட்டியால் திறந்து வயல் நிரப்பக் கற்றுக்கொண்டது.

போர்க்காலத்தை ஒரு பந்தியில் சொல்லிவிட முடியாது, சொல்ல முனையவும் இல்லை. குளத்தின் பார்வையில் மட்டும் சொன்னால், கிளிநொச்சி நகரம் 1996இலும் 1998இலும் 2009 சனவரியிலும் கை மாறியது. குளத்துக்கு அண்மையில் இருந்த விமான ஓடுபாதையும் கை மாறியது. பதுங்குகுழிக் கூரைக்குப் பனையும் முதிரையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மீள வந்த சனத்துக்கு முதலில் தேவைப்பட்டது வாய்க்கால். அதன்பின் நடந்த பெரிய திருத்தத்தில்தான் குளம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்ந்தது. 2018 டிசெம்பரில் திருத்திய குளத்தைத் திறந்து வைத்தார்கள். அதே மாதக் கடைசியில் பெருமழை கொட்டி, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன. கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற தர்க்கம் விசாரணைக் குழு வரை போனது.

யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததும் இதே குளத்தின் கதைதான். சிறுபோகத்துக்கே காணாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்தார்கள்.

அம்மன் காக்கிற தண்ணீர்

குளக்கட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கும்பிடுவது கனகாம்பிகை அம்பாளை. ஆறு கனகராயன், அம்பாள் கனகாம்பிகை. தண்ணீரையும் தாயையும் இந்த ஊர் பிரித்துப் பார்த்ததில்லை. நெல் விதைக்க முன்னரும் அரிவு வெட்டிய பின்னரும் பொங்கிப் படைக்கிறவர்கள் இங்கே பொங்குவார்கள். வான்கதவைத் திறப்பது பொறியியலாளர்தான், ஆனால் முதல் தேங்காய் அம்பாளுக்கு. கதவுத் திறப்பின்போது அதிகாரிகளே பூசைத் தட்டோடு நிற்கிற படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

வன்னியின் பழைய கோயில்களை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு குளமோ கேணியோ பொக்கணையோ துரவோ இருக்கும். உருத்திரபுரத்தில் சதுர ஆவுடையோடு இருக்கிற சிவன் கோயில், புளியம்பொக்கணை நாகதம்பிரான், வவுனியா வடக்கின் புதூர் நாகதம்பிரான் எல்லாம் அப்படித்தான். புளியம்பொக்கணையில் பங்குனி உத்தரப் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன காலத்தை வட்டக்கச்சி முதியவர்கள் இன்னும் வாய் ஓயாமல் சொல்வார்கள். பாம்பைத் தெய்வமாக வைத்த கோயிலடியில் பாம்பை அடிக்க மாட்டார்கள். புற்றை வெட்ட மாட்டார்கள், புற்றுக்கு நிழல் தரும் மரத்திலும் கத்தி வைக்க மாட்டார்கள். மரம் நின்றால் குருவி நிற்கும், குருவி நின்றால் பழம் பரவும். அடையாளப் பலகையோ காவலரோ இல்லாமல் ஒரு துண்டுக் காடு பல தலைமுறை தப்பிக் கிடந்தது இந்தப் பயபக்தியால்தான்.

ஆனாலும் தண்ணீரை வன்னி எப்படி மதித்தது என்று பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போங்கள். இரணைமடுவிலிருந்து கிழக்கே, நந்திக்கடல் ஓரம்.

கதை ஊரறிந்தது. மதுரையை எரித்த சினத்தோடு ஈழத்துக்கு வந்த கண்ணகி, ஒன்பது இடம் தங்கிப் பத்தாவதாக இந்தக் கரைக்கு ஒரு கிழவியாக வந்தாள். ஆடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்கிறது என்றாள். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை விட்டு எரியுங்கள் என்றாள், எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிய சிறுவர்கள் தலை முழுக்கக் கண்களைக் கண்டு திடுக்கிட்டார்கள். கிழவியைக் காணவில்லை.

இந்தக் கதையைச் சொல்லி விட்டுவிடாமல் ஆண்டுதோறும் செய்து காட்டுகிறார்கள் என்பதுதான் விசேஷம். முதலில் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு. ஒரு கிழமை கழித்துத் தீர்த்தம் எடுத்தல்: சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடலுக்குள் இறங்கி, விரதம் இருந்தவர் குடத்தில் உப்புநீர் மொண்டு வருவார். வாயைத் துணியால் கட்டியிருப்பார், தலைக்கு மேல் வெள்ளை பிடித்திருப்பார்கள், பறை முழங்கும். வழியெங்கும் வீட்டு வாசலில் நிறைகுடம். அந்தத் தண்ணீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்து அங்கே விளக்கில் ஊற்றப்படும். ஒரு கிழமை அந்த உப்புநீரில் விளக்கு எரியும் என்பது நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகருக்குப் பொங்கல். அன்றிரவு மடைப்பண்டமும் விளக்கும் வற்றாப்பளைக்கு நடந்து போகும். திங்கள் முழுக்க அம்மனுக்குப் பொங்கல்.

உப்புநீர் எப்படி எரிகிறது என்று விளக்கம் கேட்டு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். எனக்கு அதைவிட வேறொரு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. நன்னீர்க் குளத்தை நம்பி வாழும் கமக்காரச் சனம், ஆண்டுக்கு ஒருமுறை கடலிடம் போய் ஒரு குடம் தண்ணீரை வணங்கி வாங்கிக்கொண்டு வருகிறது. வயலும் கரையும் ஒரே அம்மனின் ஆட்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? 

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போனால் தீர்த்தத்தின் குணமே மாறிவிடும். வன்னியின் உட்பகுதி கடும்பாறை, ஆகவே மழையைக் கட்டி மறித்தால்தான் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக் கல், அங்கே மழை நிலத்துக்குள் இறங்கிவிடும். இறங்கிய நன்னீர், கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணற்றில் மேலே அள்ளினால் நன்னீர், ஆழத்தில் உவர். இராமன் அம்பெய்து உண்டாக்கினான் என்று ஊர் சொல்கிறது. கீரிமலையில் அதே சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வந்த ஊற்று கடலுக்குச் சில அடி தள்ளி வெளியே வருகிறது; இளவரசி மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகமும் நகுல முனிவரின் கீரி முகமும் நீங்கிய இடம் என்பார்கள். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனத்தில் கேணி தெரியாது. திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம்.

அயர்லாந்திலும் இப்படி மூவாயிரம் அளவில் புனிதக் கிணறுகள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கிணற்றை வலம் வந்து, பக்கத்து மரத்தில் நோய் தீரத் துணி முடிவார்களாம். எங்கள் அம்மன் கோயில் மரங்களில் தொங்கும் நேர்த்திச் சீலைகளையும் தொட்டில்களையும் கண்ட ஒருவருக்கு அங்கே போனால் அந்நியமாக இருக்காது. ஒரு வித்தியாசம்: இப்போது அங்கே முடிகிற பொலியெஸ்டர்த் துணி மரத்தைக் கொல்கிறது, மக்கிப்போகும் பருத்தியை மட்டும் முடியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்களாம். எங்கள் கோயில் நிருவாகங்கள் அப்படிக் கேட்கத் தொடங்க வேண்டிய காலம் வந்துவிட்டது. தீர்த்தம் புனிதம் என்று சொல்லிக்கொண்டு திருவிழா மறுநாள் கேணிப்படியில் சோடாப் போத்தலும் தேத்தண்ணிக் கப்பும் மிதக்கவிடுவது என்ன வகைப் பக்தி?

ஆறு முடியுமிடம்

கனகராயன் ஆறு வவுனியா வடக்கில் சேமமடுப் பக்கம் பிறந்து, வடக்கே ஓடி, இரணைமடுவில் தேங்கி, பிறகு சுண்டிக்குளம் களப்பில் கலக்கிறது. வான்கதவில் நுரைத்து இறங்கின தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் தை, மாசியில் சுண்டிக்குளம் போய்வர வேண்டும். அந்த “வீண்” தண்ணீர்தான் களப்பின் உப்பைத் தணித்து, முழங்கால் ஆழப் பரப்பை நிரப்பி, புழுவையும் பாசியையும் இறாலையும் விளைவிக்கிறது. அதைத் தின்னத்தான் பூநாரை வருகிறது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டும் அந்தச் சாப்பாட்டுக்கு ஆழத் தண்ணீர் உதவாது. வெறும் உப்பு வெளியும் உதவாது. ஊசிவால் தாரா, மூக்கான்கள், உள்ளான்கள் என்று மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் விட்டுப் பனிக்குத் தப்பி வருகிற கூட்டங்களுக்கும் இதே பந்திதான். இரணைமடுக் கதவும் சுண்டிக்குளப் பூநாரையும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

ஆங்கிலேயர் 1937இல் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மறுவருடமே, 1938 பெப்ரவரியில், சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாயிற்று. போருக்குப் பின், 2015 ஜூன் 22இல், அது தேசிய பூங்காவாக வர்த்தமானியில் வந்தது. பரப்பு ஏறத்தாழ 196 சதுர கிலோமீற்றர். மன்னார்ப் பக்கத்து மடு வீதித் தேசிய பூங்காவும் அதே நாளில்தான். பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போய் வடக்கே திரும்பினால் சுண்டிக்குளம். பனை, கண்டல், மணல்மேடு, வெளி. கூட்டம் இல்லாத பூங்கா என்பதே அதன் பெரிய சிறப்பு. யாலவில் ஒரு சிறுத்தைக்கு முப்பது ஜீப் முண்டியடிப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

பூங்கா என்றால் எல்லாருக்கும் சந்தோஷம் இல்லை. தலைமுறையாக வீச்சுவலை எறிந்த கரையும் மாடு கட்டிய காணியும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்ற முறைப்பாடு கரையோரச் சனத்திடம் உண்டு. சனத்தைக் கேட்காமல் கொழும்பில் வரைந்த கோடு என்றுதான் அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். கோயில் காட்டை யாரும் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை, அது ஊரின் காடு. திணைக்களத்தின் காடு அப்படி ஆவதற்கு வர்த்தமானி மட்டும் போதாது.

அது போதாது என்பதற்கு 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது சாட்சி. ஊருக்குள் வந்த ஒரு சிறுத்தை, வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர் உட்படப் பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. மயக்க ஊசியோடு ஆள் வந்து சேரும் வரை பொறுக்காத கூட்டம் அதை அடித்தே கொன்றது. கொன்ற பிறகு தூக்கிப் படமும் எடுத்தது. அந்தப் படங்களை வைத்தே பொலிஸ் ஆட்களைப் பிடித்தது. காயப்பட்டவரின் கோபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் செத்த மிருகத்தின் வாலைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பதற்குக் காயம் காரணமாகாது. காட்டை வெட்டி வெட்டி ஓரத்துக்குத் தள்ளினால் சிறுத்தை எங்கே போகும்? கனகராயன் ஆற்றில் இரவோடு இரவாக மண் அள்ளுகிறார்கள், கரை இடிகிறது, மருது வேரோடு சாய்கிறது. அதற்கும் சிறுத்தை ஊருக்குள் வருவதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறவர் ஒருமுறை ஆற்றோரம் நடந்துபார்க்கட்டும்.

போகிறவர்களுக்கு

கிளிநொச்சி நகரத்திலிருந்து தெற்கே ஏ-9இல் வந்தால் இரணைமடுச் சந்தி. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் நேரே கனகாம்பிகை கோயிலும் குளக்கட்டும். ஓட்டோவிலும் போகலாம், சைக்கிளில் போனால் இன்னும் நல்லது. விடியற்காலை ஆறு மணிக்குக் கட்டில் நில்லுங்கள். ஒன்பதுக்குப் பிறகு வெயிலைத்தான் பார்க்கலாம். தூரதரிசினி ஒன்று இரண்டு பேருக்குப் போதும். சுண்டிக்குளத்துக்குத் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கடை தேட முடியாது. பாதை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றால் அதற்கப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது. யானைச் சுவடு புதிதாக இருந்தால் திரும்பிவிடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை மட்டும் போகாமல், தீர்த்தம் எடுக்கும் நாளில் சிலாவத்தைக் கரையில் நின்றுபாருங்கள். கூட்டமும் குறைவு, பார்க்க வேண்டியதும் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகள் ஆண்டுக்கொரு சுற்றுலா என்று நுவரெலியாவுக்கும் சிகிரியாவுக்கும் பஸ் பிடிக்கின்றன, பிடிக்கட்டும். அதற்கு முன்னர் ஒரு சனிக்கிழமைக் காலை இரணைமடுக் கட்டு. நீர்ப்பாசனத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்து குளக்கட்டில் மூன்று மொழியிலும் ஒரு நல்ல பலகை வைக்க வேண்டும்: பாக்கர் வரைந்த திட்டம், மண் சுமந்த கூலியாட்கள், கல்லாயுதம் கிடைத்த செம்மண், வந்துபோகிற பறவைகளின் படம். செலவு பெரிதில்லை. அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்தான்: கொண்டுபோகிற போத்தலையும் சாப்பாட்டுப் பொதியையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குளத்துக்குள் போகிற எதுவும் கடைசியில் சுண்டிக்குளத்தில்தான் போய் ஒதுங்கும்.